கையால் செய்யும் சோப்பும் கணக்கேடும்

எம் இல்லத்தில் சோப்புச் செய்யும் பழக்கம் ஏற்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வந்தவாசிப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும், சந்தையில் வாங்கிய தேங்காய் எண்ணெயும் கொண்டு, முதலில் எம் குடும்பத் தேவைக்கென்றே செய்தோம். பின்னர் உறவினர் இல்லப் புதுமனை புகுவிழாவில், வந்திருந்தோர்க்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு கட்டி வழங்கினோம். பெற்றுச் சென்றவர்களுள் ஓர் அம்மையார் மறுமாதமே எம் இல்லம் வந்து, "கட்டி என்ன விலை? எங்களுக்கு இரண்டு டஜன் வேண்டும்" என்றார். சற்றும் எண்ணிப் பாராமல் "நாற்பது ரூபாய்" என்று சொல்லிவிட்டோம்.

அந்த விடை எத்துணைப் பிழையானது என்பதை உணர எமக்கு ஓராண்டு பிடித்தது. விலையில் மட்டும் பிழை இருந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இராது. இதே கேள்வி இன்று நம் இல்லங்கள் சிலவற்றின் வாயிலிலும் வந்து நிற்கக்கூடும். அவர்கள் விடை சொல்லும் முன் அறிந்திருக்க வேண்டியவற்றை, எம் பிழைகளையும் மறைக்காமல், இங்கே எழுதுகின்றோம்.

நம்மவர் இத்தொழிலை நாடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கடைச் சோப்பில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என்னும் ஐயம் நம் இல்லங்களில் நெடுநாளாக இருந்து வருவது. 1983-ஆம் ஆண்டு வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலக்கப்பட்ட செய்தி வெளிவந்து நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறையில் அச்சிட்ட பொருட்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்க்கு இவ்வையத்தில் பாதி தீரும். சோடியம் டாலோவேட் என்றிருப்பின் அது விலங்குக் கொழுப்பால் ஆனது. சோடியம் பாமேட் என்பது பனையெண்ணெய், அதாவது பாமாயிலால் ஆனது. சோடியம் கோகோயேட் என்பது தேங்காய் எண்ணெயால் ஆனது. ஆனால் ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் ஆகிய இரண்டும் விலங்கிலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம். பெயரைக் கொண்டு மட்டும் தெரியாது. சிறு துண்டுகளாக விற்கப்படும் 'உருக்கி ஊற்றும்' சோப்புக் கட்டியை வாங்கி, அச்சில் வார்த்து, 'தூய தாவரச் சோப்பு' என்று பெயரிட்டு விற்போர் இவ்விரண்டின் மூலத்தையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

அழகுக்காகச் சேர்க்கும் பொருள்களிலும் கண் வேண்டும். கார்மைன் என்னும் சிவப்புச் சாயம் ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பெறுவது. தேனும் தேன்மெழுகும் நமக்கு விலக்கு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கட்டிக்குப் பளபளப்பு வருவதற்காகப் பட்டு இழையைக் காரக் கரைசலில் கரைக்கும் வழக்கம் மேலைநாட்டுச் செய்முறைகளில் உண்டு. அச்செய்முறைகளை அப்படியே பின்பற்றுவோர் அறியாமலேயே இதைச் செய்துவிடுகின்றனர். நிறம் வேண்டுமாயின் மஞ்சளும் செம்மண்ணும் போதும். ரோஜா இதழைத் தூவினால் அழகாயிருக்கும் என்று எண்ணி நாமும் ஒருமுறை தூவினோம். மூன்றே நாளில் இதழெல்லாம் பழுப்பேறி, எலிப்புழுக்கை போல் ஆயிற்று!

இனிச் செய்முறைக்கு வருவோம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிச் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுவதே இதன் வேதியியல். முறையாகச் செய்த சோப்பில் காஸ்டிக் சோடா எஞ்சி நிற்காது. ஆனால் எந்த எண்ணெய்க்கு எவ்வளவு சோடா என்பது எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் வேண்டும். கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராம். விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராம். இவ்வேறுபாட்டை அறியாதவர் இத்தொழிலில் கை வைத்தல் ஆகாது.

எம் இல்லத்துக் கலவை வருமாறு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். தேங்காய் எண்ணெய் நுரையையும் கெட்டித் தன்மையையும் தரும். மிகுந்தால் தோலை வறட்டும். கடலை எண்ணெய் மென்மை தரும். மிகுந்தால் கட்டி இளகும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். மேற்சொன்ன கணக்குப்படி இக்கலவைக்கு 158 கிராமுக்குச் சற்று மேல் சோடா தேவைப்படும். ஆனால் நூற்றுக்கு ஐந்து அளவு குறைத்து 150 கிராமே இடுகின்றோம். எண்ணெயில் சிறு பங்கு சோப்பாகாமல் எஞ்சுவது தோலுக்கு நல்லது. நிறுவையில் நேரும் சிறு பிழையையும் அது தாங்கும். நீர் 320 கிராம். கிணற்று உப்புநீர் ஆகாது; காய்ச்சி வடித்த நீரே தகும். எண்ணெயையும் படியால் அளத்தல் கூடாது. எல்லாவற்றையும் கிராம் காட்டும் தராசில் நிறுத்தே எடுத்தல் வேண்டும்.

சோடாவை நீரில் இட வேண்டும். நீரைச் சோடாவின்மேல் ஒருபோதும் ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் தானே சூடேறி ஆவி விடும். ஆதலின் திறந்த வெளியில், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிந்து செய்க. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. ஆறிய கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். அதனைக் குடிநீர்க் குவளையிலோ சொம்பிலோ வைப்பதைப் போன்ற கொடுந்தவறு வேறில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியிட்ட தனிப் பாத்திரமும், அதன்மேல் எழுதிய எச்சரிக்கையும், பூட்டிய அலமாரியும் வேண்டும். மேலே தெறித்தால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்க.

எண்ணெயும் கரைசலும் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது கலந்து கிளறினால், கரண்டியால் மேலே கோடு இழுத்த இடத்தில் கோடு நிற்கும் பதம் வரும். அப்போது அச்சில் வார்த்து, மறுநாள் வெட்டி, காற்றோட்டமான நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்துதல் வேண்டும். இப்பணி முழுவதையும் நாம் பகலிலேயே முடிக்கின்றோம். இரவு விளக்கொளியில் திறந்த பாத்திரத்தை வைத்தால் வந்து விழும் பூச்சிகளுக்குக் கணக்கில்லை. காரக் கரைசலில் விழுந்தது பிழைக்காது. உலரும் கட்டிகளின்மேலும் மெல்லிய துணி போர்த்தி வைத்தல் நன்று.

எமக்கு நேர்ந்த பிழையை இனிச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஒரு மாதத்தில், 500 கிராமுக்குப் பதில் 200 கிராம் மட்டும் இட்டு, குறைந்த 300 கிராமைக் கடலை எண்ணெயால் நிரப்பினோம். மொத்தம் ஒரு கிலோ சரியாக இருக்கவே, சோடாவை வழக்கம்போல் 150 கிராமே இட்டோம். மேலே தந்த எண்களைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். மாற்றிய கலவை முழுவதும் சோப்பாக மாறினாலும் 145 கிராமுக்கு மேல் சோடாவை ஏற்காது. ஐந்து கிராமுக்கு மேல் காரம் அப்படியே கட்டிகளுக்குள் நின்றுவிட்டது.

அம்மையார்க்குக் கொடுத்த இரண்டு டஜனில் ஒரு பங்கு அந்தப் பாத்திரத்தைச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து, பேரனுக்குக் கழுத்தெல்லாம் எரிகிறது என்று அவர் சொல்லி அனுப்பினார். உடனே சென்றோம். எந்தக் கட்டி எந்தப் பாத்திரத்தில் வார்த்தது என்று எம்மால் சொல்ல முடியவில்லை. எதன்மேலும் எண் இல்லை. எம்மிடம் குறிப்பும் இல்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே மணம். ஆகவே எஞ்சியிருந்த பத்தொன்பது கட்டிகளையும் திரும்பப் பெற்று, இருபத்துநான்குக்கும் உரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் பெருந்தன்மையோடு, "தெரியாமல் நேர்ந்ததுதானே, விடுங்கள்" என்றார். குழந்தையின் கழுத்துச் சிவப்பு மாற ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் எமக்கு உறக்கம் கொள்ளவில்லை.

அன்று மாலை வாங்கியதே எம் கணக்கேடு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு எண், நாள், ஒவ்வொரு எண்ணெயின் எடை, அதை வாங்கிய கடை, சோடாவின் எடை, அதை நிறுத்தவர் யார், சரிபார்த்தவர் யார், வெட்டிய கட்டிகள் எத்தனை, அவை யார் யாருக்குச் சென்றன. கட்டியின் அடியில் அதே எண் பதிக்கப்படும். எண்ணெயின் அளவு ஒரு கிராம் மாறினாலும் சோடாக் கணக்கைப் புதிதாகப் போட்டு இருவர் கையொப்பமிட்ட பின்னரே பாத்திரத்தை எடுக்கின்றோம். ஒவ்வொரு பாத்திரத்திலும் இரு கட்டிகளை ஓராண்டு எடுத்து வைக்கின்றோம். புதிதாக வெட்டிய பரப்பில் ஒரு துளி பினாப்தலீன் இட, அடர்ந்த இளஞ்சிவப்பு தோன்றினால் காரம் மிகுந்திருக்கக்கூடும் என அப்பாத்திரத்தையே ஒதுக்கிவிடுகின்றோம். இது முதற்சோதனைதான், விற்பனைக்கு வருவோர் ஆய்வுக்கூடச் சோதனையும் செய்வித்தல் வேண்டும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். வெட்டிய அன்று 100 கிராம் உள்ள கட்டி, ஆறு வாரத்தில் நீர் வற்றிச் சுமார் பத்தில் ஒரு பங்கு எடையை இழக்கும். அன்றைய எடையை உறையில் எழுதி விற்றால், எவரையும் ஏமாற்ற எண்ணாமலேயே குறைநிறை விற்றவர் ஆவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்களாக ஐந்து சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று நம் சோப்பறைக்கே சொன்னவை போல் உள்ளன: அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், தரங்குறைந்ததைக் கலந்து நல்லதென விற்றல். எம் கலவை மொத்தம் 1,470 கிராம். அதனைப் பன்னிரண்டாக வெட்டினால் ஈரத்தில் 122 கிராமும், உலர்ந்தபின் சுமார் 108 கிராமும் நிற்கும். அதற்கே 100 கிராம் என்று எழுதுகின்றோம். மழைக்காலத்திலும் கோடையிலும் உலர்ச்சி வேறுபடுவதால், உறையிடும் நாளில் ஒவ்வொன்றையும் மீண்டும் நிறுப்பதே முறை.

இனி அந்த நாற்பது ரூபாய்! விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆதலின் பின்வரும் தொகைகளை ஓர் எடுத்துக்காட்டாகவே கொண்டு, உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் இட்டுப் பாருங்கள். எண்ணெய் 300 ரூபாய், சோடா 15, மணப்பொருள் 55, உறையும் அட்டையும் 60. ஆக 430 ரூபாய். பன்னிரண்டு கட்டியில் இரண்டைச் சோதனைக்கு எடுத்துவைத்தால் விற்பதற்குப் பத்தே உண்டு. கட்டிக்கு 43 ரூபாய். நாற்பதுக்கு விற்றபோது ஒவ்வொரு கட்டியோடும் மூன்று ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தோம் என்பது இதனால் விளங்கும். எண்ணெய்க் கணக்கை மட்டும் பன்னிரண்டால் வகுத்து, 25 ரூபாய்ச் சரக்கை 40-க்கு விற்று 15 ரூபாய் ஈட்டினோம் என்று மகிழ்ந்திருந்தோம்.

இதில் உழைப்பு இன்னும் சேரவில்லை. நிறுத்தல், கிளறல், வெட்டல், உறையிடல், பாத்திரம் கழுவல் எல்லாம் சேர்ந்து ஒரு பாத்திரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. இல்லத்தரசியின் நேரத்துக்கு விலையில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். எமக்கு அது உடன்பாடன்று. மணிக்கு 60 ரூபாய் என வைத்தாலும் கட்டிக்கு 18 ரூபாய். வாடகை, உரிமக் கட்டணம், சோதனைச் செலவு இவற்றின் பங்காக 9 ரூபாய். மொத்தம் 70. கடைக்காரர் நூற்றுக்கு முப்பது தம் பங்காகக் கேட்டால், உறையில் 100 ரூபாய் அச்சிட்டால்தான் நம் கைக்கு அந்த எழுபது வரும். கூலி கிடைக்கும், ஆதாயம் ஒன்றுமில்லை. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் இத்தொழில் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால், அவர் நட்டப்பட்டவர் அல்லர். நகையை அடகு வைத்து நூறு கிலோ எண்ணெய் வாங்கிய பின் இதே முடிவுக்கு வருவதுதான் நட்டம்.

சட்டத்தைப் பற்றி நாம் மிகத் தாமதமாகவே அறிந்தோம். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தில் தொடக்கத்தில் சோப்பு விலக்கப்பட்டிருந்தது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. ஆகவே குளிக்கும் சோப்பை விற்பனைக்குச் செய்வோர், இப்போது 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெறுதல் வேண்டும். தொழிற்கூடம் குடியிருப்பாகவோ, குடியிருப்போடு இணைந்த இடமாகவோ இருத்தல் கூடாது. வேதியியல் பயின்ற, விதிகள் கூறும் தகுதியுடைய ஒருவர் மேற்பார்வையும் வேண்டும். உத்யம் பதிவுச் சான்று இருந்தால் போதும் என்று சிலர் சொல்வது தவறு. அது சிறுதொழில் என்பதற்கான பதிவேயன்றிச் சோப்புச் செய்வதற்கான உரிமம் அன்று.

சமையலறையில் செய்து விற்றல் ஆகாது என்பதை முதலில் கேட்டபோது எமக்கு வருத்தமாகவே இருந்தது. வீட்டோடு இருந்து செய்யலாம் என்பதற்காகவே பெண்கள் இத்தொழிலை விரும்புகின்றனர்; அந்த வசதியையே விதி மறுக்கிறதே என்று தோன்றிற்று. ஆனால் அக்குழந்தையின் கழுத்தைக் கண்டபின் விதியோடு வாதிட எமக்கு வாயில்லை. வழிகள் இரண்டு உள்ளன. உரிமம் பெற்ற ஒரு தொழிற்கூடத்தில், நம் பெயரில், நம் கலவைப்படி செய்விக்கும் 'கடன் உரிமம்' ஒன்று. அன்றி, மூன்று நான்கு குடும்பங்கள் கூடித் தனி அறையொன்றை வாடகைக்கு எடுத்து உரிமம் பெறுதல் மற்றொன்று. கடனும் மானியமும் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். 2008 முதல் நடைபெறும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு அங்கே விண்ணப்பிக்க இயலும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே தேவைக்கு மேல் கடன் பெறுவோரைக் கண்டிருக்கின்றோம், அது வேண்டாம்.

உறையில் செய்பவர் பெயரும் முகவரியும், நிகர எடை, செய்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட உச்ச விலை, பாத்திர எண், உரிம எண், பொருட்பட்டியல், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்னும் நாள், குறை சொல்வதற்கான தொடர்பு ஆகியவை இருத்தல் வேண்டும். வேப்பெண்ணெய் சேர்த்ததனாலேயே 'சொறி தீரும், படை போகும்' என்று எழுதிவிடாதீர்கள். நோய் தீர்ப்பதாகச் சொன்ன கணமே அது மருந்தாகிவிடும். அதற்கு விதியும் வேறு, உரிமமும் வேறு. 'காரமே இல்லாத சோப்பு' என்பதும் பொய்யுரையே. எண்ணெயால் ஆன எச்சோப்பும் இயல்பிலேயே சற்றுக் காரத்தன்மை உடையது.

எம் இல்லத்தில் இப்போது மூன்று குடும்பங்கள் கூடியுள்ளோம். ஊர்க் கோடியில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையொன்றைச் சுண்ணாம்படித்து, தளம் போட்டு, நீர்க்குழாயும் அமைத்துவிட்டோம். வேதியியல் பட்டம் பெற்ற மருமகள் ஒருவர் மேற்பார்வைக்கு இசைந்துள்ளார். உரிமத்துக்கான தாள்களைத் திரட்டி வருகின்றோம். கணக்கேட்டில் 31-ஆம் எண்ணுள்ள பாத்திரம் இப்போது உலர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் விலை கேட்ட அம்மையார் சென்ற வாரமும் வந்து, "இப்போது என்ன விலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உரிமம் வரும்வரை விலை இல்லை என்று சொல்லி, அடியில் எண் பதித்த இரண்டு கட்டிகளை அன்பளிப்பாகவே கொடுத்தோம்; அவர் பெயரையும் ஏட்டில் எழுதிக்கொண்டோம்.